ஒற்றும் உண்மையும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

பழந்தமிழர் தம் நாட்டின் வட எல்லையாகக் கொண்ட வேங்கட மலையின் அடிவாரத்தில், பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நாம், ஆண்டுக்கொருமுறை இவ்வாறு கூடித் தாய்மொழியில் பேசி மகிழ்வது ஒரு பெரும்பேறு ஆகும். புலவர்களும் பேராசிரியர்களும் ஏறிய இம்மேடையில், பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு, பார்சல் ரசீதும் பேரேடுமாகக் காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தா ஒருவர் பேச முற்படுவது துணிச்சல் என்பதை நாம் அறியாமல் இல்லை. எனினும், செயலாளர் அவர்கள் விடவில்லை. ‘உமக்குத் தோன்றியதைப் பேசும்’ என்று கூறிவிட்டார். ஆதலின், சென்ற கோடை விடுமுறையில் நம் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு, அன்று சொல்லத் தெரியாத விடையை இன்று சொல்ல முயல்கின்றோம்.

வீட்டில் பிள்ளைகள் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொடரைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1966ஆம் ஆண்டு தொடங்கிப் பல தலைமுறையாக வளர்ந்துவரும் விஞ்ஞானக் கற்பனைக் கதை அது. எதிர்காலத்தில் மனிதரும் பிற கோள்களின் மக்களும் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, போரும் வறுமையும் நீங்கி வாழ்வதாகக் கற்பனை செய்திருக்கின்றார்கள். அத்தகைய நல்லரசின் நிழலிலேயே ‘பிரிவு 31’ என்றொரு மறைவான துறை இயங்குவதாக 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பகுதி கூறுகின்றது. அத்துறைக்கு அலுவலகம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கணக்குக் கேட்பார் யாருமில்லை. கூட்டமைப்பின் விண்படைச் சாசனத்தில் உள்ள ஒரு பிரிவின் எண்ணையே பெயராகச் சூட்டிக்கொண்டு, நாட்டைக் காப்பதாகச் சொல்லி, எதையும் செய்யத் துணிந்தவர்கள் அதில் இருக்கின்றார்கள்.

அக்கதையில் பஷீர் என்றொரு மருத்துவர். அவரை ஓர் அதிகாரி தனியறையில் அமர்த்தி, நீர் பகைவரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டுகின்றார். உறக்கம் கெடுக்கப்பட்ட நிலையில் விசாரணை நடக்கின்றது. ‘நான் ஒற்றன் அல்லேன்’ என்று மருத்துவர் கூற, ‘நீர் ஒற்றர் என்பது உமக்கே தெரியாமல் இருக்கலாம்’ என்று அதிகாரி மறுமொழி கூறுகின்றார். இத்தகைய குற்றச்சாட்டுக்கு எவர்தாம் விடை கூற முடியும்? இறுதியில், அவ்விசாரணை முழுவதும் அவரைச் சோதிக்க நடத்தப்பட்ட நாடகம் என்று தெரியவருகின்றது. சோதனையில் தேறிய அவரையே அத்துறையில் சேரும்படி அழைக்கின்றார்கள்.

இதைப் பார்த்து முடித்த நம் மகள், “அப்பா, நம் நாட்டிலும் இப்படி ஒரு ரகசியத் துறை இருக்கிறதா? ஒன்றும் செய்யாதவரை அப்படிப் பிடித்து வைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்டாள். “போய்ப் பாடத்தைப் படி அம்மா” என்று அன்று தப்பித்துக்கொண்டோம். அவள் படித்தாள், நாமும் நூலகத்திற் சென்று படித்தோம்.

நண்பர்களே! ஒற்று என்பது நமக்குப் புதிதன்று. வடமொழியில் கௌடிலியர் இயற்றிய அர்த்தசாத்திரம் துறவி வேடத்திலும் வணிகர் வேடத்திலும் ஒற்றர்களை அனுப்பும் முறையை விரிவாகப் பேசுகின்றது. நம் வள்ளுவப் பெருந்தகையோ திருக்குறளின் 59ஆம் அதிகாரத்திற்கு ‘ஒற்றாடல்’ என்றே பெயரிட்டார். அரசனுக்கு இரு கண்கள் உண்டென்றும், அவற்றுள் ஒன்று நூல், மற்றொன்று ஒற்று என்றும் அவர் கூறுகின்றார். இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். ஒற்று மட்டுமே கண் என்று அவர் கூறவில்லை. நீதி நூலை ஒரு கண்ணாகவும் ஒற்றை மறு கண்ணாகவும் வைத்தார். ஒன்றை மூடிக்கொண்டு மற்றொன்றால் மட்டும் பார்க்கும் அரசு அரைக்குருட்டு அரசே.

அவ்வதிகாரத்தின் இறுதிப் பகுதியில் நம் உள்ளத்தைக் கவர்ந்த ஒரு விதி இருக்கின்றது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே நம்பிவிடாதே. மற்றோர் ஒற்றனைக் கொண்டு அதைச் சோதித்துப் பார். அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆண்டுகொள். மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே உண்மையெனத் தெளிக. ஒற்றனின் சொல் அவன் பகைக்கும் அச்சத்திற்கும் பதவி ஆசைக்கும் ஆட்பட்டதாக இருக்கலாம் என்பதை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, குற்றமற்றவனுக்கு வள்ளுவர் கட்டிய வேலி இது.

இனி நம் காலத்திற்கு வருவோம். நாட்டின் உட்புறத்தைக் கவனிக்கும் மத்திய உளவுத்துறை, வெள்ளையர் ஆட்சியில் 1887ஆம் ஆண்டில் மத்திய சிறப்புப் பிரிவு என்ற அமைப்பிலிருந்து வளர்ந்தது. ஆளவந்தவர்கள் ஆளப்பட்டவர்களைக் கண்காணிக்க ஏற்படுத்திய துறை அது. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது அத்துறையின் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தவர், சென்னை மாகாணக் காவல் துறையிலிருந்து சென்ற டி. ஜி. சஞ்சீவி பிள்ளை என்பவர் ஆவார். அவருக்குப்பின் 1950 முதல் 1964 வரை பி. என். மல்லிக் அத்துறையை நடத்தினார். 1962இல் சீனப் போரும் 1965இல் பாகிஸ்தான் போரும் மூண்டபோது, அயல்நாட்டுச் செய்திகளைத் திரட்டுவதில் நம்மிடம் இருந்த குறைகள் வெளிப்பட்டன. அதன் விளைவாக 1968 செப்டம்பர் 21ஆம் நாள் அயல்நாட்டு உளவிற்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. ‘ரா’ என்று நாளேடுகள் குறிப்பிடுவது அதனையே. அதன் முதல் தலைவர் ஆர். என். காவ்.

இத்துறைகளில் பணியாற்றியோரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. 1955 ஏப்ரலில், பாண்டுங் மாநாட்டிற்குச் சீனப் பிரதிநிதிகளை ஏற்றிச் சென்ற ‘காஷ்மீர் பிரின்சஸ்’ என்னும் ஏர் இந்தியா விமானம் வெடிகுண்டினால் கடலில் வீழ்ந்து 16 பேர் மாண்டனர். அதைப் புலனாய இந்தியா அனுப்பியவர் இந்தக் காவ் தான். 1971இல் வங்கதேசம் பிறந்த காலத்தில் அவர் துறை ஆற்றிய பணியும் பெரிது. ஒற்றனை ஊரறியச் சிறப்பிக்கலாகாது, சிறப்பித்தால் மறைபொருளை அரசே வெளியிட்டதாக முடியும் என்றும் வள்ளுவர் எச்சரித்திருக்கின்றார். அதற்கேற்ப, பெயரும் புகழுமின்றி உழைத்து, பெயரின்றியே மறைந்தவர்கள் பலர். நாம் இரவில் அச்சமின்றி உறங்குவதில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஆயினும், மகளின் கேள்வி எஞ்சி நிற்கின்றது. யாரிடம் போய்ச் சொல்வது? கதையில் வரும் துறைக்குச் சாசனத்தின் ஒரு பிரிவாவது பெயரளவில் இருக்கின்றது. நம் நாட்டின் இவ்விரு துறைகளோ நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் எதனாலும் அமைந்தவையல்ல. அரசின் ஆணையால் அமைந்தவை. பிற நாடுகளும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தன. பிரிட்டனில் 1909இல் தோன்றிய உளவுத்துறைகளுள் உள்நாட்டுத் துறைக்கு 1989இலும், வெளிநாட்டுத் துறைக்கு 1994இலும்தான் சட்டம் வந்தது. அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று அவற்றை மேற்பார்வை செய்யவும் வழிவகுத்தது. அமெரிக்காவில் 1975இல் செனட் சபையின் குழுவொன்று தன் நாட்டு உளவுத்துறைகளின் அத்துமீறல்களை விசாரித்து வெளியிட்டது; மறு ஆண்டே நிலையான கண்காணிப்புக் குழுவும் ஏற்பட்டது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உளவுத்துறைகளுக்கு விலக்களித்திருக்கின்றது. எனினும், ஊழல் பற்றியும் மனித உரிமை மீறல் பற்றியும் எழும் புகார்களுக்கு அவ்விலக்கு முழுமையாகப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகின்றது. இருள் சூழ்ந்த வீட்டில் அது ஒரு சிறு சாளரம்.

1994ஆம் ஆண்டை இங்குக் குறிப்பிட்டோம். பிரிட்டனில் ஒற்றுக்குச் சட்டவேலி கட்டப்பட்ட அதே ஆண்டில், நம் நாட்டில் வேலியின்மையால் நேர்ந்த ஒரு கொடுமையை இனிச் சொல்ல வேண்டும். அது நம் அண்டை வீட்டுக் கதை எனலாம். நம் மாவட்டத்தின் கீழ்க்கோடியில், சூலூர்ப்பேட்டை ரயில் நிலையத்திற்குக் கிழக்கே இருக்கின்றது ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் எழுகின்றன. ஏவுதலுக்கு முன் விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சிறு மாதிரியுடன் திருமலைக்கு வந்து ஏழுமலையானை வணங்கிச் செல்வதை நாம் அறிவோம். வானம் தெளிந்த நாட்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறி, கிழக்கே எழும் அந்த ஒளிக்கீற்றைத் தேடுகின்றார்கள்.

அந்த ஒளிக்கீற்றில் ஒரு தமிழரின் உழைப்பு எரிகின்றது. நம்பி நாராயணன் நாகர்கோவிலில் 1941இல் பிறந்தவர். மதுரையில் பொறியியல் பயின்றவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் உந்துவிசை கற்றுத் தாய்நாட்டிற்கே திரும்பியவர். திரவ எரிபொருளால் இயங்கும் ‘விகாஸ்’ எஞ்சினை உருவாக்கிய குழுவிற்கு வழிகாட்டியவர். 2008இல் முதல் சந்திரயானையும், 2013இல் மங்கள்யானையும் சுமந்த ராக்கெட்டுகளின் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் எஞ்சினே இயங்கியது. 2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற பெரிய ராக்கெட்டிலும் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் இருந்தன.

இவரை 1994 நவம்பர் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் கேரளக் காவல் துறை கைது செய்தது. மாலத்தீவைச் சேர்ந்த இரு பெண்களின் வழியாக ராக்கெட் ரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. கடுங்குளிர் எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்திற்கு அவர் அப்போது பொறுப்பாளர். காவல் துறையினரும் மத்திய உளவுத்துறை அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். தாம் துன்புறுத்தப்பட்டதாக அவர் பின்னர்க் கூறினார். ஏறத்தாழ 50 நாட்கள் அவர் காவலிலும் சிறையிலும் கழித்தார்.

நாம் அப்போது வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பள்ளி மாணவர். தேநீர்க் கடையில் பெரியவர்கள் நாளேட்டை உரக்கப் படிப்பார்கள். நாள்தோறும் புதிதுபுதிதாகக் கதைகள் வந்தன. கேட்டவர் அனைவரும் நம்பினோம். ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்ற ஒரு பழமொழியே அங்கு நீதிமன்றமாக இருந்தது. இரண்டாவது ஒற்று எங்கே, மூன்றாவது ஒற்று எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இரண்டாம் சோதனை பின்னர் நடந்தது. வழக்கை ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, எல்லாவற்றையும் ஆராய்ந்து, குற்றச்சாட்டுகள் பொய்யானவை என்று 1996இல் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தது. நீதிமன்றமும் அதை ஏற்று அவரை விடுவித்தது. அதன் பிறகும் மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றது. 1998இல் உச்ச நீதிமன்றம் அம்முயற்சியை நீக்கியது. 2001இல் தேசிய மனித உரிமை ஆணையம் இடைக்கால இழப்பீடாக 10 லட்சம் ரூபாய் வழங்கும்படி கூறியது. அவர் அத்துடன் நிற்கவில்லை. தம்மைக் கெடுத்தவர் யார், ஏன் கெடுத்தார் என்பதை நாடு அறியவேண்டும் என்று வழக்காடினார். 2018 செப்டம்பர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அவரைக் கைது செய்தது தேவையற்றது என்றும், அவர் மனக்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார் என்றும் கூறி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, தவறிழைத்த அதிகாரிகளைப் பற்றி ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. 2019இல் பத்மபூஷண் விருதும் வந்தது. கைதானபோது அவருக்கு 52 வயது. தீர்ப்பு வந்தபோது 76. அந்த 24 ஆண்டுகளுக்கு எந்தக் கருவூலத்தில் பணம் இருக்கின்றது?

அவரோடு அவ்வழக்கில் சிக்கிய மற்றொருவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அவர் அத்தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே காலமானார். தாம் குற்றமற்றவர் என்று நாட்டின் உயர்ந்த நீதிபீடம் உரைத்ததை நின்று அனுபவிக்க அவருக்கு நாளில்லை. கிரையோஜெனிக் எஞ்சினோ, நம் நாட்டிலேயே உருவாகி, 2014 ஜனவரி 5ஆம் நாள் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக வெற்றியுடன் பறந்தது. எவர் அதை விற்றுவிட்டதாகச் சொன்னார்களோ, அவர் வெறும் பார்வையாளர்களுள் ஒருவராக ஆக்கப்பட்டிருந்தார்.

கதையில் வந்த மருத்துவரின் விசாரணை ஒரு நாடகமாக முடிந்தது. நம் விஞ்ஞானியின் விசாரணை மெய்யாகவே நடந்தது. கற்பனைக் கதையைவிட மெய்க்கதையே கொடிது.

இதற்குப் பரிகாரம் என்ன? ரயில்வே ஊழியர் நிரம்பிய இவ்வவையில் அதனை எளிதாக விளக்கலாம். ஒரு நிலைய அதிபர் அடுத்த நிலையத்திற்கு வண்டி அனுப்பவேண்டுமானால், ‘பாதை காலியாகத்தான் இருக்கும்’ என்று தாமே எண்ணிக்கொண்டு அனுப்பிவிட முடியுமா? அடுத்த நிலையத்தாரைக் கேட்கவேண்டும். ‘லைன் கிளியர்’ பெறவேண்டும். இருவரும் ரகசிய எண்களைப் பரிமாறிக்கொண்டு பதிவேட்டில் எழுதவேண்டும். எவ்வளவு அனுபவம் மிக்கவராயினும் இவ்விதியிலிருந்து விலக்கில்லை. அவர் பொய்யர் என்பதனால் அன்று. வண்டியில் ஆயிரம் உயிர்கள் இருப்பதனால்! நாட்டின் ரகசியத் துறைகளுக்கும் இத்தகைய லைன் கிளியர் வேண்டும். ஒற்றின் செய்தியைச் சோதிக்க மற்றொரு கண் வேண்டும்; அக்கண்களுக்கு மேலே சட்டம் என்னும் கண் வேண்டும். ரகசியம் நாட்டின் பகைவர்களிடமிருந்து இருக்கட்டும்; நீதியிடமிருந்து இருக்கலாகாது.

அரசு செய்யவேண்டியது இது. குடிமக்களாகிய நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதைச் சொல்ல நம் குற்றம் ஒன்றையே எடுத்துரைக்க வேண்டியிருக்கின்றது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் பணியாற்றியபோது நம்முடன் ஒரு நண்பர் இருந்தார். அவர், பணம் பெற்றுக்கொண்டு பார்சல்களின் எடையைக் குறைத்து எழுதுவதாக மேலதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அவர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏழு மாதம் விசாரணை. அவ்வேழு மாதமும் அவர் தெரு முனையில் வரக்கண்டால் நாம் வேறு தெருவில் திரும்பினோம். அவ்வாண்டு நவராத்திரிக் கொலுவிற்கு நம் வீட்டிலிருந்து அவர் மனைவியாருக்கு அழைப்புப் போகவில்லை. அவர் பிள்ளையுடன் விளையாடாதே என்று நம் பிள்ளைக்கும் சொன்னோம். நாம் மட்டுமல்ல, அவ்வரிசை வீடுகள் அனைத்துமே அவ்வாறு நடந்தன.

முடிவில் பேரேடுகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டன. ஒரு கிலோவும் குறையவில்லை. அவர் மீண்டும் பணியில் அமர்ந்தார். அன்று மாலை நாம் இனிப்புப் பொட்டலத்துடன் அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் உட்காரச் சொன்னார். காபி கொடுக்கச் சொன்னார். பிறகு அமைதியாக, “ஆபீஸ் சந்தேகப்பட்டது அதன் வேலை, சார். நீங்கள் எல்லோரும் எதற்காகக் கதவைச் சாத்தினீர்கள்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் விடையில்லை. இனிப்புப் பொட்டலம் பிரிக்கப்படாமலே மேசைமீது இருந்தது.

அன்று நாம் உணர்ந்தது இது: மொட்டைக் கடிதம் எழுதியவன் ஒருவன், அதற்குக் கையெழுத்திட்டவர்கள் நாம் அனைவரும். ரகசியத் துறை ஒருவரை ஐயுறலாம். ஆனால் அவரை ஊரைவிட்டு ஒதுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அவ்வதிகாரத்தை அதன் கையில் கொடுப்பது ஊராராகிய நாமே.

அயலூரில் வாழ்கின்றவர்களுக்கு அண்டை வீட்டாரே உறவினர். ஒருவர்மீது பழி வரும்போது, அவர் குற்றவாளி என்று நாம் தீர்ப்பளிக்கவும் வேண்டாம். நிரபராதி என்று வாதாடவும் வேண்டாம். மூன்று ஒற்றும் ஒத்து வரும்வரை பொறுத்திருந்து, அதுவரை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால் போதும். கைப்பேசியில் வரும் செய்தியை நான்கு பேருக்கு அனுப்புமுன், இதற்கு லைன் கிளியர் வாங்கினோமா என்று ஒரு கணம் எண்ணினால் போதும்.

மகளே, முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றாய். நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஆம், நம் நாட்டிலும் ரகசியத் துறைகள் உண்டு; அவை வேண்டியவையே. அவை தவறும்போது போய்ச் சொல்ல நீதிமன்றம் உண்டு. ஆனால் அங்குச் சென்று சேர 24 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஒருவர் தலைநிமிர்ந்து நடப்பதும் நடவாததும் அவர் தெருவில் குடியிருக்கும் நம்மைப் பொறுத்தது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!